கத்பர்ட் ரென்னிசனின் பேயாணிகள்

வென்மவுத் துறைமுகத்தில் கத்பர்ட் ரென்னிசனைக் குறை சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். நிலக்கரிப் படகுக்காரரின் மகன். பதிமூன்று வயதில் மரம் செதுக்கும் வாய்ச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பல் பட்டறைக்குள் நுழைந்தார். முப்பத்தெட்டில் அதே ஆற்றங்கரையில் சொந்தப் பட்டறை போட்டார். ஐம்பதில் பாராளுமன்றத்துக்கே போய்விட்டார். மரத்தை மோந்து பார்த்தே அது எந்தக் காட்டு ஓக் என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அது கொஞ்சம் அளப்பு. ஆனால் ஈர மரத்தைக் காய்ந்த மரமென்று அவர் தலையில் கட்ட யாராலும் முடிந்ததில்லை.

கோபக்காரர். பலகை ஒரு நூல் விலகி உட்கார்ந்தாலும் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்து, அதன்மேல் ஏறி மிதிப்பார். பிறகு வெறுந்தலையோடு வீட்டுக்குப் போவார். "இந்தக் கப்பலுக்கு எத்தனை தொப்பி ஆச்சு?" என்றுதான் ஆட்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். ஐந்து தொப்பிக் கப்பல் என்றால் நல்ல கப்பல் என்று பொருள்.

மனைவி ஹேனா கயிறு திரிக்கும் கொட்டகையில் வேலை செய்தவள். அவளுடைய அண்ணன்மார் இருவரும் ஒரே கப்பலில் போனார்கள், திரும்பவில்லை. சேப்பல் சுவரில் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன் அவள் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். "நீ கட்டுற கப்பல்ல நீயே ஏறிப் போவியா?" "போவேன்" என்றார். "அப்ப சரி" என்றாள்.

1857ஆம் வருஷக் குளிர்காலத்தில் வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. பட்டறை தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தளத்தின்மேல் ஒரு கப்பல் முக்கால்வாசி முடிந்து நின்றது. மார்ச் மாதம் கடல் பொங்கி ஏறும் பெரிய ஓதத்தில் தண்ணீரில் இறக்கித் தருவதாக ஒப்பந்தம். தவறினால் ஒப்பந்தமும் போச்சு, பட்டறையும் போச்சு. மரம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். செம்பு ஆணி வரவில்லை. ஆணி வார்த்துக் கொடுப்பவனும் கதவைச் சாத்திவிட்டான்.

கப்பலின் அடிப்பலகையை விலா மரத்தோடு பிடித்து வைப்பது அந்த ஆணிதான். இரண்டடி நீளம். வெளியே பலகையில் நுழைந்து, விலாவைத் துளைத்து, உள்பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே அதன் மூக்கை அடித்து மடக்க வேண்டும். மனசாட்சி இல்லாத பட்டறைகளில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. நாலு அங்குலத் துண்டை வெளியே அடித்துவிட்டு, உள்ளே அதற்கு நேராக இன்னொரு துண்டின் மூக்கை மடக்கி வைத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் செம்பு பளபளக்கும், நடுவில் வெறும் மரம். அதற்குப் பேயாணி என்று பெயர். அந்தப் பெயரைத் தன் பட்டறையில் வாய்விட்டுச் சொன்னதற்காகவே ஒருவனை ரென்னிசன் வேலையை விட்டு விரட்டியிருக்கிறார்.

அவரே அடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரெல்லாம் சேப்பலில் பாடிக்கொண்டிருந்தபோது, பல்வலி என்று ஹேனாவிடம் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனார். கூட வந்தவன் மேஸ்திரி நெட் ஜாப்ளிங் ஒருவன்தான். கையிலிருந்த முழு ஆணிகளை முக்கியமான இடங்களுக்கு வைத்துக்கொண்டு, மீதிக்கெல்லாம் துண்டு அடித்தார்கள். மொத்தம் நாற்பத்தாறு. ஜாப்ளிங் பிடித்துக்கொண்டான், ரென்னிசன் அடித்தார். அன்று தொப்பி தலையிலேயே இருந்தது.

"அடுத்த வருஷம் பழுது பாக்க நம்ம கிட்டதானே ஏத்துவாங்க. அப்ப மாத்திடலாம் நெட்" என்றார்.

"மாத்திடலாம் மாஸ்டர்" என்றான் ஜாப்ளிங்.

தரம் பார்க்க வந்த அதிகாரி சுத்தியலால் இங்கே தட்டினார், அங்கே தட்டினார், சூடாக ஒரு கிளாஸ் ரம் குடித்தார், முதல் தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மார்ச்சில் கப்பல் இறங்கியது. அதற்கு மனைவி பெயரை வைத்தார் ரென்னிசன்: ஹேனா ரென்னிசன். பெயர் ஏற்கெனவே முடிவாகி, பின்பக்கத்தில் செதுக்கியும் ஆகிவிட்டது. மாற்றினால் ஏன் என்று அவள் கேட்பாள்.

அடுத்த வருஷம் கப்பல் பழுதுக்கு வரவில்லை. முதல் முதலாளி அதை விற்றார், வாங்கியவர் மறுபடி விற்றார். பத்து வருஷம் அது எங்கெங்கோ போய் வந்தது. ஒவ்வொரு தடவை அது பத்திரமாகக் கரை சேர்ந்த செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போதும், அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறது என்று ரென்னிசன் தேற்றிக்கொண்டார்.

இந்தப் பத்து வருஷத்தில்தான் அவர் பெரிய மனிதரானார். நகரசபை உறுப்பினர், பிறகு மாஜிஸ்திரேட். மாலுமிகள் சார்பாக முதலில் வாய் திறந்த முதலாளி அவர்தான். அளவுக்கு மேல் கரி ஏற்றி அழுகின கப்பல்களை அனுப்புகிறார்கள், இதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். நடிப்பில்லை. நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது ஒன்று. அதுதான் அவரைப் பேச வைத்தது. 1868 நவம்பர்த் தேர்தலுக்கு அவரை நிற்கச் சொல்லி ஊர் கேட்டபோது, சட்டம் கொண்டுவந்துவிட்டால் அந்த நாற்பத்தாறுக்கும் கணக்கு நேராகிவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். எதிர்த்து நின்றவர் கர்னல் விட்ஃபீல்ட், நிலச்சுவான்தார், கப்பலைத் தூரத்தில் பார்த்தவர்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, ஐந்து மாலுமிகளைப் போலீஸ்காரர்கள் அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பலில் ஏற மறுக்கிறார்கள் என்று வழக்கு. ஏறாவிட்டால் ஜெயில், சட்டம் அப்படி. கப்பல் முதலாளி உர்வின் முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். எழுத்தர் கப்பலின் பெயரைப் படித்தார். ஹேனா ரென்னிசன்.

ஐந்து பேரில் மூத்தவன் ஏசா பர்விஸ். வென்மவுத்துக்காரன், மூக்கு உடைந்து கோணலானவன்.

"லண்டன்லேருந்து காலிக் கப்பலா வந்தோம் மாஸ்டர். காலிக் கப்பலுக்கே ராவும் பகலும் பம்ப் அடிச்சோம். இப்ப கழுத்து வரைக்கும் கரி ஏத்தி ஹாம்பர்க் போன்னா எப்படி?"

"மழைக்குப் பயந்த கோழிங்க" என்றார் உர்வின். கோர்ட்டில் சிரிப்பு.

"கோழிக்காவது ரெக்கை இருக்கு முதலாளி" என்றான் பர்விஸ். இன்னும் பெரிய சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை, ரென்னிசனையே பார்த்தான். "மாஸ்டர், இது நீங்க கட்டின கப்பல். உங்க பேச்சை நான் மூணு கூட்டத்துல கேட்டிருக்கேன். நீங்களே சொல்லுங்க. 'நல்ல கப்பல்டா ஏசா, ஏறிப் போடா'ன்னு உங்க வாயால ஒரே வார்த்தை. இப்பவே படி இறங்கிப் போய் ஏறிடறேன். ஜெயிலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

கோர்ட் அடங்கியது. உர்வின்கூடத் தலையைத் திருப்பி ஆசையோடு பார்த்தார். அவருக்கும் அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. ரென்னிசன் மனசுக்குள் கணக்குப் போட்டார். நல்ல கப்பல் என்று சொன்னால் இவர்களைக் கையால் பிடித்துத் தள்ளியது போல. மோசமான கப்பல் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்பதுதான் அடுத்த கேள்வி.

"இங்க கேள்வி கேக்கறது நாங்க. நீ இல்ல" என்றார். "கடைசியா கேக்கறேன். ஏறுறீங்களா, இல்லையா?"

ஐந்து பேரும் இல்லை என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு மாஜிஸ்திரேட், சாராயம் காய்ச்சும் முதலாளி, இரக்க சுபாவம், நாலு வாரம் போதுமே என்று காதில் கிசுகிசுத்தார். ரென்னிசன் பத்து வாரம் என்றார். கப்பல் முதலாளிகளுக்கு ஓட்டு உண்டு, ஜெயிலுக்குப் போகிறவனுக்குக் கிடையாது; அந்த நினைப்பும் அதில் இருந்தது, மறைத்துப் பயனில்லை. ஆனால் அது மட்டுமில்லை. ஆள் இல்லாவிட்டால் கப்பல் போகாது. துறையிலேயே கிடக்கும். ஓட்டெடுப்பு முடிந்த மறுநாள் உர்வினைத் தனியாகக் கூப்பிட்டு, தன் செலவிலேயே கப்பலைத் தளத்தில் ஏற்றி, நாற்பத்தாறையும் பிடுங்கிவிட்டு முழு ஆணி அடித்துக் கொடுத்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போன அன்று மத்தியானம் ரென்னிசன் வயிறு நிறையச் சாப்பிட்டார் என்றால் நம்புவீர்களா? சாப்பிட்டார்.

உர்வினுக்கு ரயில் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தோன்றாமல் போயிற்று.

புதன்கிழமை காலை ஜாப்ளிங் பட்டறை ஆபீசுக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"ஆளு வந்தாச்சு மாஸ்டர். தெக்கேருந்து உர்வின் ரயில்ல இறக்கியிருக்கான், கேப்டனோட சேத்து. பதினோரு பேரு. மத்தியான ஓதத்துக்குக் கிளம்புது."

ரென்னிசன் ஜன்னலைப் பார்த்தார்.

"போய்ச் சொல்லிடுங்க மாஸ்டர். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

"என்னன்னு சொல்ல?"

"உள்ளதை."

"இந்தப் பட்டறையில நூத்தி இருபது பேரு சாப்பிடறான் நெட். நாளைக்கு இந்தப் பட்டறை கட்டின ஒரு கப்பலை எவன் வாங்குவான்? மாலுமிங்களுக்காகப் பேச லண்டன்ல ஒருத்தன் வேணுமா, வேணாமா?"

"அந்தப் பதினோரு பேரும் மாலுமிங்கதானே?"

"பத்து வருஷம் தாங்கின கப்பல் பத்து நாள் தாங்காதா?" என்றார் ரென்னிசன். ஜாப்ளிங் கதவுப் பக்கம் திரும்பினான். "வேணும்னா நீ போய்ச் சொல்லு. யார் பிடிச்சது, யார் அடிச்சதுன்னு கேப்பாங்க. அதையும் சேத்துச் சொல்லு."

ஜாப்ளிங் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். அவனுக்கு ஆறு பிள்ளைகள். போய்விட்டான். அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் மீன் சந்தை எதிரே, கவிழ்த்த பீப்பாயின்மேல் நின்று ரென்னிசன் பிரசாரக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். இழுவைப் படகு புகையைக் கக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. பின்னால் ஹேனா ரென்னிசன், பக்கவாட்டில் தண்ணீர் மட்டம் பயமாக ஏறி நிற்க. கரையில் கூட்டத்தையும் கொடிகளையும் பார்த்த அந்தப் பதினோரு பேரும், தங்களுக்குத்தான் வழியனுப்பு என்று நினைத்தார்களோ என்னவோ, தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். கூட்டம் பதிலுக்குக் கத்தியது. பீப்பாயின்மேல் நிற்பவர் சும்மா இருக்க முடியுமா? ரென்னிசனும் தொப்பியைக் கழற்றினார். கப்பல் கரைமுனையைச் சுற்றி மறைகிறவரை அவர் கை இறங்கவில்லை. கத்தினால் கேட்கிற தூரம்தான்.

நவம்பர் பதினேழு ஓட்டெடுப்பு. அப்போதெல்லாம் ஓட்டை ரகசியமாகப் போடுகிற வழக்கமில்லை. சதுக்கத்தில் பலகை மேடை. ஒவ்வொருவனாக ஏறி, ஊர் கேட்க, தான் யாருக்கு என்று சொல்ல வேண்டும். வேட்பாளர்கள் இருவரும் மேடையிலேயே நிற்பார்கள். பெயர் சொல்லப்பட்டவர் குனிந்து நன்றி சொல்ல வேண்டும், சொல்லப்படாதவர் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். புதுச் சட்டத்தில் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் முதல்முறையாக ஓட்டு வந்திருந்தது. ரென்னிசன் பட்டறை ஆட்கள் பாண்டு வாத்தியத்தோடு வரிசையாக வந்தார்கள். "ரென்னிசன்!" "ரென்னிசன்!" முதுகு வலிக்கிற அளவு அவர் குனிந்தார்.

நெட் ஜாப்ளிங் ஏறினான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. எழுத்தர் கேட்குமுன்னே கூட்டம் அவனுக்காகக் கத்திவிட்டது, "ரென்னிசன்!"

"கர்னல் விட்ஃபீல்ட்" என்றான் ஜாப்ளிங்.

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். "திருப்பிச் சொல்லு."

"கர்னல் விட்ஃபீல்ட்."

கர்னலே நன்றி சொல்ல மறந்துபோனார். கூட்டத்திலிருந்து மீன் தலை ஒன்று பறந்து வந்து ஜாப்ளிங் மார்பில் பட்டது, பிறகு இன்னொன்று. "சோறு போட்டவன் கையைக் கடிக்கிறியேடா!" "எவ்வளவுடா குடுத்தான் கர்னல்?" அவன் துடைத்துக்கொள்ளவில்லை. ரென்னிசனை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கினான். மறுநாள் முதல் அவன் வேலைக்கு வரவில்லை. நன்றிகெட்டவன் என்று ஊர் பேசியது. அப்படியில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் முந்நூற்றுப் பதினைந்து ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, தோளில் தூக்கப்பட்டுத் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தார்.

டிசம்பர் மூன்றாம் தேதி காலைச் சாப்பாட்டில் ஹேனாதான் பத்திரிகையைப் படித்தாள். கண்ணாடி போடாமல் படிப்பாள், காகிதம் கைநீளத்துக்குப் போய்விடும். டென்மார்க் கரையோரம் ஹேனா ரென்னிசன் மூழ்கியது. காற்று பெரிதாக இல்லை. தூரத்தில் போன இன்னொரு கப்பலின் கேப்டன் பார்த்திருக்கிறார், இப்போதுதான் கரை திரும்பிச் சொல்லியிருக்கிறார்; பலகைகள் திறந்துவிட்டது போல அப்படியே தண்ணீரில் உட்கார்ந்ததாம். ஆட்கள் எவரும் பிழைக்கவில்லை.

அவள் பத்திரிகையை மடித்து வைத்தாள். "என் பேரை இப்படிப் படிக்கணும்னு இருந்திருக்கு. அது நல்ல கப்பல்தானே கத்பர்ட்?"

"பழைய கப்பல் ஹேனா" என்றார். "அளவுக்கு மேல ஏத்திட்டான். இதைத்தானே நான் ஊர் ஊராப் போய்க் கத்தறேன்."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் கொடுமை. அவள் எழுந்து வந்து அவர் தலையில் கைவைத்து, பாவம் என்றாள். அவருக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாராளுமன்றக் கவலை என்று ஹேனா எல்லோரிடமும் சொன்னாள்.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை, அவரை லண்டனுக்கு வழியனுப்ப மாலுமிகள் சங்கம் சேப்பல் கூடத்தில் தேநீர் விருந்து வைத்தது. பன்றித்தொடை இறைச்சியும் பட்டாணி மசியலும் உலர்திராட்சை ரொட்டியும் நீள மேஜைகளில் நிறைந்திருந்தன. முன்வரிசையில் மாலுமிகளின் மனைவிமார். மேடையில் ரென்னிசனும் ஹேனாவும் பக்கத்தில் பக்கத்தில். செத்த பதினோரு பேரும் வேறு துறைமுகத்துக்காரர்கள். அந்தக் கூடத்தில் அவர்களுக்காகக் கறுப்பு உடுத்தியவர் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் விருந்து அவ்வளவு கலகலப்பாக இருந்தது.

நடுவில் ஒருவன் எழுந்தான். ஏசா பர்விஸ். ஜெயிலிலிருந்து வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. கன்னம் ஒட்டி, மொட்டைத் தலையில் முடி முள்ளாக முளைத்திருந்தது.

"எனக்குப் பேசத் தெரியாது" என்றான். "ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். இந்த மனுஷன் எனக்குப் பத்து வாரம் குடுத்தார். உள்ள உக்காந்து தெனம் திட்டினேன் இவரை. பொண்ணுங்க இருக்கீங்க, எப்படித் திட்டினேன்னு சொல்ல மாட்டேன்." சிரிப்பு. "அப்புறம் ஜெயில்காரன் வந்து சொன்னான், டேய், உன் கப்பல் போச்சுடான்னு. அன்னிக்குத்தான் புரிஞ்சுது. நான் கோர்ட்டுல என்ன கேட்டேன்? நல்ல கப்பல்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டேன். சொன்னாரா? சொல்லலை. சொல்லியிருந்தா நான் ஏறியிருப்பேன், எம் பொண்டாட்டி இன்னிக்குக் கறுப்புத் துணியில உக்காந்திருப்பா. கட்டினவருக்குத் தெரியாதா தன் கப்பலோட வயசு? சட்டம் கையைக் கட்டிப்போட்டுது, அதனால வாயால சொல்ல முடியலை. சட்டுனு யாரும் வெளிய இழுத்துட்டுப் போய் ஏத்திடக் கூடாதுன்னுதான் பத்து வாரம்! எங்க அஞ்சு பேரு உசுரும் இவர் குடுத்தது." பர்விஸ் மேடையை நோக்கிக் கையை நீட்டினான். அவன் முகம் நனைந்திருந்தது. "உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா மாஸ்டர்? இவங்க கேக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

இருநூறு முகங்கள் திரும்பின. இல்லை என்று சொன்னால், ஒரு பாவமும் அறியாதவனை ஜெயிலில் போட்டவர் ஆகிவிடுவார். பொய்யும்கூட. பத்து வருஷமாக யாரும் கேட்காத கேள்வி, இவ்வளவு அன்பாகக் கேட்கப்பட்டதும் அவர் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"தெரியும்" என்றார் ரென்னிசன்.

கூடம் எழுந்து நின்றது. கோப்பைகள் மேஜையில் குதித்தன, பெண்கள் கைக்குட்டையை ஆட்டினார்கள், பர்விஸின் மனைவி வாய்விட்டு அழுதாள். தலைவர் நாற்காலியின்மேல் ஏறி மூன்று முறை ஜே போட வைத்தார்.

ஹேனா மட்டும் எழவில்லை. அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காதபடி, அவர் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"அப்ப அந்தப் பதினோரு பேரு?"

கோபமாகக் கேட்கவில்லை. அவர் ஏதாவது சரியான பதில் வைத்திருப்பார் என்று முப்பது வருஷப் பழக்கத்தில் நம்பிக்கொண்டு கேட்டாள்.

ரென்னிசன் அவள் முகத்தைப் பார்த்தார். எவ்வளவோ சொல்லியிருக்கலாம். "அவங்க யாரையும் எனக்குத் தெரியாதே ஹேனா" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். பிறகு கையுறைகளை எடுத்துக்கொண்டு, பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்து, மேடைப் படிகளில் இறங்கி, முன்வரிசைப் பெண்களுக்கு நடுவே இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டாள். எவ்வளவு எளிமையான அம்மாள் என்று அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

தலைவர் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கி, நம் உறுப்பினர் ஏற்புரை வழங்குவார் என்றார். கத்பர்ட் ரென்னிசன் எழுந்தார். அளவுக்கு மேல் ஏற்றப்படும் கப்பல்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார்.